அலுவலகம் கழித்த மடிக்கணினி

மாதுங்கா, மாதுங்கா ரோடு என்னும் இரு நிலையங்களுக்கும் நடுவே பரந்து கிடக்கும் ரயில்வேப் பணிமனையை அறியாதார் நம் அன்பர்களுள் இரார். 1915-ஆம் ஆண்டில், அக்காலத்து ஜி.ஐ.பி. ரயில்வேயார் நிறுவியது அது. அங்கே ஒரு பெட்டி வந்து சேர்ந்தால், “பழையதாயிற்று, தள்ளிவிடுங்கள்” என்று எவரும் சொல்வதில்லை. சக்கரத்தைக் கழற்றுவார்கள், அச்சு, பிரேக், இருக்கை, மின்விசிறி என ஒவ்வோர் உறுப்பாகப் பார்ப்பார்கள், தேய்ந்ததை மாற்றி, தேயாததைத் துடைத்து, மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றுவார்கள். நம் பெரம்பூர்த் தொழிற்சாலையில் பிறந்த ஐ.சி.எஃப். பெட்டிக்கு 25 ஆண்டு ஆயுள் என்பது விதி. அவ்வாயுள் முடியும் தறுவாயிலும் பல பெட்டிகள் ஜன்னல் அடைக்கப்பெற்று, மோட்டார் வண்டிகளை ஏற்றிச் செல்லும் சரக்குப் பெட்டிகளாக மறுபிறவி எடுக்கின்றன.

இத்தனை பீடிகையும் எதற்கெனில், மடிக்கணினி வாங்குவது குறித்து நம்மிடம் யோசனை கேட்டு வரும் அன்பர்களுக்காகவே. ரயில்வேயில் எழுத்தர் உத்தியோகம் பார்க்கும் நமக்குக் கணினி நூலில் பட்டம் ஏதும் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆயினும் ஐந்தாறு ஆண்டுகளாகப் பழைய மடிக்கணினிகளைத் திறந்தும் மூடியும், கைப்பணம் இழந்தும் கற்றவை சில உண்டு. அவற்றுள் ஒன்று மட்டும் நம் பணத்தால் அன்றிப் பிறர் பணத்தால் கற்றது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து, சைக்கிள்களில் ஏற்றி ஊரெங்கும் அனுப்பும் அண்ணாச்சி ஒருவர் நமக்கு நெடுநாளைய பழக்கம். திருநெல்வேலிச் சீமைக்காரர். அவருடைய மூத்த மகள் கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். பள்ளி நாள்களில், 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கின்போது, ஒரே கைபேசியை அவளும் தம்பிமார் இருவரும் முறை வைத்துப் பிடித்துக்கொண்டு பாடம் கேட்ட வீடு அது. கல்லூரியிலோ கணக்கு மென்பொருள், திட்ட அறிக்கை என்று கைபேசியில் அடங்காத வேலைகள் வந்துவிட்டன. 2025 ஜூலையில், மழை கொட்டிய ஒரு மாலையில் அண்ணாச்சி நம் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, பிள்ளைக்கு ஒரு லேப்டாப் வேணுமாம். புதுசுக்கு நாப்பதாயிரம் சொல்லுதான். நம்மகிட்ட இருக்கது இருபது. பழசு வாங்கினா மோசம் போயிருவமா?”

“மோசம் போகாது அண்ணாச்சி, பார்த்து வாங்கினால் புதியதைவிட நன்றாகவே உழைக்கும்” என்றோம். சொன்ன சொல்லில் பிழை இல்லை. ‘பார்த்து’ என்ற பகுதியில்தான் நாம் தவறினோம்.

வீட்டு உபயோகத்துக்கெனச் செய்யும் மடிக்கணினி வேறு. காரியாலயங்களுக்கெனச் செய்வது வேறு. கடையில் இரண்டையும் அருகருகே வைத்தால், முன்னதே கண்ணுக்கு அழகாயிருக்கும். பின்னது கறுத்து, தடித்து, கணக்கப்பிள்ளையின் கோட்டைப் போல் காட்சி தரும். ஐ.பி.எம். நிறுவனத்தார் 1992-இல் வெளியிட்டு, 2005-இல் லெனோவோவின் கைக்கு மாறிய திங்க்பேட் வரிசையும், டெல்லின் லாட்டிட்யூட் வரிசையும், ஹெச்.பி.யின் எலைட்புக் வரிசையும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. ஒரு கம்பெனி ஒரே மாதிரியான ஆயிரம் யந்திரங்களை ஒருசேர வாங்குகிறது. அவற்றுள் பத்து பழுதாயின் அன்றைக்கே அங்கேயே திறந்து சீராக்க வேண்டும். உத்தியோகஸ்தர் கை கட்டி உட்கார்ந்திருந்தால் நஷ்டம் கம்பெனிக்கு. ஆதலால் இவற்றை மராமத்துக்கு இணங்கும்படியே அமைக்கிறார்கள். அடிமூடியைக் கழற்றினால் நினைவகம், சேமிப்பகம், பாட்டரி, விசிறி ஆகியவை தனித்தனியே கைக்கு எட்டும். பல மாடல்களில் அம்மூடியின் திருகாணிகளைத் தளர்த்தினாலும் அவை கீழே விழுந்து தொலையா. மூடியோடேயே ஒட்டி நிற்கும். எந்த ஆணியை எப்பொழுது கழற்றுவது என்பது வரை படம் போட்டு விளக்கும் மராமத்துக் கையேடுகளை இம்மூன்று நிறுவனத்தாரும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். நாம் ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்த முதல் பெரிய புத்தகம் அத்தகைய கையேடு ஒன்றுதான்.

இதற்கு மாறாக, விலை மலிந்த புதிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். இன்று 4 ஜி.பி. என்றால் என்றைக்கும் 4 ஜி.பி.தான். காரியாலய இனத்திலும் மெலிந்த உடலுக்கு ஆசைப்பட்டுச் செய்தவை இவ்வாறே: திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் பார்க்க வெகு நேர்த்தி, ஆனால் அதன் நினைவகத்தில் கை வைக்க இயலாது. டி480 என்னும் மாடலில் நினைவகத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. அதன் உடன்பிறப்பான டி480எஸ்-இல் ஒன்று பற்றவைத்தது, ஒன்றே மாற்றத்தக்கது. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ரிசர்வேஷன் சீட்டில் ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதை அறிந்த நம் அன்பர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தாராவிக்கு அருகே, மித்தி நதிக்கு அக்கரையில், பாந்திரா-குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அத்தகைய காரியாலயங்களில் உழைத்த யந்திரங்களை மூன்று நான்கு ஆண்டுகளில் கழித்து, மொத்தமாக விற்றுவிடுவது வழக்கம். வாங்கிய வியாபாரிகள் துடைத்துத் துலக்கிச் சில்லறையில் விற்கும் இடங்களுள் முக்கியமானது லாமிங்டன் ரோடு. டாக்டர் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாறியும், 1903 முதல் 1907 வரை பம்பாய்க் கவர்னராயிருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரையே ஊர் இன்னும் வழங்குகிறது. மாஹிமிலோ மாதுங்கா ரோடிலோ ஸ்லோ வண்டி ஏறி, கிராண்ட் ரோடில் இறங்கிக் கிழக்கே நடந்தால் வந்துவிடும். செம்பூர் அன்பர்கள் குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாற வேண்டும். ஞாயிறன்று போக வேண்டாம். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

நாம் அண்ணாச்சியை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை சென்றோம். திரையைப் பார்த்தோம், விசைகளை ஒவ்வொன்றாய் அழுத்தினோம், பாட்டரியைச் சோதித்தோம். எல்லாம் திருப்தி. விண்டோஸ் 11 ஏற்றித் தயாராக இருந்தது. 18,500 ரூபாய் கொடுத்தார் அண்ணாச்சி. கடைக்காரர் கையால் எழுதிய ரசீதில், ‘லேப்டாப் ஒன்று’ என்று மட்டும் இருந்தது. வாகன் எண் எழுதாத சரக்குச் சீட்டு நம் மேசைக்கு வந்தால் அனுப்பியவரைச் சும்மா விடமாட்டோம். அன்று அந்த ரசீதை மடித்து அண்ணாச்சியின் சட்டைப் பையில் நாமே வைத்தோம்.

மூன்று வாரம் நன்றாக ஓடிற்று. பின் ஏதோ கோளாறு. கல்லூரித் தோழி ஒருத்தி, “எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றிவிடலாம்” என்றாளாம். துடைத்தார்கள். மறுபடி இணையத்தோடு சேர்த்ததும் திரையில் ஒரு கம்பெனியின் பெயர் தோன்றிற்று. அலுவலக மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் தந்தால்தான் உள்ளே விடுவேன் என்று நின்றுவிட்டது யந்திரம். பத்து நாளில் ஒப்புவிக்க வேண்டிய திட்ட அறிக்கை அவள் தலைமேல். அன்றிரவு அண்ணாச்சி தொலைபேசியில் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “பிள்ளை சாப்பிட மாட்டேங்கா தம்பி” என்று மட்டும் சொன்னார். கடிந்திருந்தால் தேவலை.

நடந்தது இதுதான். மைக்ரோசாஃப்டின் ‘ஆட்டோபைலட்’ என்னும் ஏற்பாட்டின் கீழ், கம்பெனிகள் தாம் வாங்கும் ஒவ்வொரு யந்திரத்தின் அங்க அடையாளத்தையும் பதிந்து வைக்கின்றன. அதைத் துடைத்து, விண்டோஸைப் புதிதாய் ஏற்றி, இணையத்தோடு சேர்த்தவுடன் அது தன் எஜமானன் பெயரைச் சொல்லும். யந்திரத்தைக் கழிக்கும்போது கம்பெனியார் அப்பதிவை நீக்க வேண்டும். மறந்துவிட்டாலோ, யந்திரம் நேர் வழியில் வெளிவராததாயிருந்தாலோ, பூட்டு பூட்டாகவே நிற்கும். கடையில் இணையத்தோடு சேர்க்காமல் விண்டோஸ் ஏற்றினால் இது வெளியே தெரியாது. பணம் நாம் கொடுத்தோம். பொருள் நம் வீட்டில் இருந்தது. உடைமை மட்டும் வேறொருவருடையது!

இதைவிடப் பழைய பூட்டு ஒன்றும் உண்டு. யந்திரம் விழித்தெழும்போது முதலில் ஓடும் ‘பயாஸ்’ என்னும் அடிப்படை நிரலுக்குக் கடவுச்சொல் இட்டிருப்பார்கள். உள்ளேயிருக்கும் பொத்தான் போன்ற சிறு பாட்டரியைக் கழற்றினால் அது மறந்துபோகும் என்று சொல்வோர் உண்டு. திங்க்பேடின் தலைமைக் கடவுச்சொல் அவ்வாறு மறையாது. தாய்ப்பலகையையே மாற்றுவதுதான் நிறுவனத்தார் சொல்லும் பரிகாரம். மேலும், திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்குப் போலீஸ் நிலையத்து வாசற்படி எவ்வளவு உயரம் என்பது தெரிந்ததே.

மறுநாள் கடைக்குச் சென்றோம். “இது நான் விற்ற யந்திரம் என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்டார் கடைக்காரர். ரசீதில் எண் இல்லை. அவர் கேள்வி நியாயமானது என்பதுதான் நம்மை வாட்டிற்று. ஒரு மணி நேரம் வாதாடிய பின், பக்கத்துக் கடைப் பெரியவர் ஒருவர் நடுவில் வந்து சொல்ல, மூவாயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தார். அந்த மூவாயிரத்தில் பாதியாவது நாம் தருகிறோம் என்றோம். அண்ணாச்சி கையை மடக்கிக்கொண்டார். நம் மனக் கணக்கில் அது இன்னும் பற்று வைக்கப்படாத பாக்கியாகவே நிற்கிறது.

இரண்டாம் முறை வேறு கடை. இம்முறை நாம் நடந்துகொண்ட விதத்தைச் சொல்கிறோம், பயன்படுவோர் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதலில் பூட்டு. யந்திரத்தை ஏற்றியதும் லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, ஹெச்.பி.யில் எஃப்10 விசையை அழுத்தி பயாஸுக்குள் சென்றோம். கடவுச்சொல் கேட்பனவற்றை ஒதுக்கினோம். பிடித்துப்போன ஒன்றை நம் கண்ணெதிரே முழுவதும் துடைத்து, நம் கைபேசியின் இணையத்தோடு சேர்த்து, ஆரம்பத்திலிருந்து அமைக்கச் சொன்னோம். கடைக்காரர் முகம் சுளித்தார். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். எந்தக் கம்பெனியின் பெயரும் தோன்றவில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து இத்தகைய யந்திரங்களில் விண்டோஸ் உரிமத்தின் திறவெண் தாய்ப்பலகையிலேயே பதிந்து வருவதால், நேர்மையாக ஏற்றினால் உரிமம் தானே உயிர் பெறும், அதையும் பார்த்துக்கொண்டோம்.

அடுத்தது வயது. மேலே ஒட்டியுள்ள ‘ஐ5’ என்ற வில்லையை நம்புதல் கூடாது. ஐ5-2520எம் என்பதும் ஐ5தான்; ஐ5-8350யூ என்பதும் ஐ5தான். முன்னது 2011-ஆம் ஆண்டினது. பின்னது 2017-ஆம் ஆண்டினது. கோட்டுக்குப் பின் வரும் முதல் எண்ணே தலைமுறையைக் காட்டுவது (பத்தாம் தலைமுறை முதல் இரண்டு இலக்கம்). இது இன்றைக்கு மிக முக்கியம். ஏனெனில் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவில் முடிந்தன. விண்ணப்பித்துச் சேருவோருக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு. விண்டோஸ் 11 ஏற, பொதுவாக இன்டெலின் எட்டாம் தலைமுறையும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இதனால் கம்பெனிகள் ஏழாம் தலைமுறையையும் அதற்கு முற்பட்டவற்றையும் கூட்டம் கூட்டமாகக் கழிக்கலாயின. சந்தையில் மலிந்து கிடப்பவை அவையே. சிலர் விதியைத் தாண்டி அவற்றிலும் விண்டோஸ் 11 ஏற்றி விற்கிறார்கள். ஓடும், ஆனால் அங்கீகாரம் இல்லாத ஓட்டம்.

பாட்டரிக்கு, கட்டளைச் சாளரத்திலிருந்து விண்டோஸிடமே ஓர் அறிக்கை கேட்டு வாங்கலாம். பிறந்தபோது இருந்த கொள்ளளவும், இன்று முழுமையாக ஏற்றினால் கொள்ளும் அளவும் அதில் அருகருகே இருக்கும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால், புதிய பாட்டரியின் விலையைக் கிரயத்தில் கழித்துப் பேச வேண்டும். யந்திரத்தை மேசைமேல் வைத்தால் ஆடுகிறதா, சுட்டுப்பலகை மேலெழும்பியிருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்; அவை பாட்டரி வீங்கியதன் அறிகுறிகள். அப்படியாயின் பேரம் பேசாமல் வந்துவிட வேண்டும். சார்ஜரும் சாமானியமானது அன்று: டெல்லின் உருண்டை முனைச் சார்ஜரில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று உண்டு. அதன் வழியே யந்திரம் சார்ஜரை அடையாளம் காணாவிடில் பாட்டரி ஏறாது, வேகமும் குன்றும். அவ்வூசி வளைந்த ஒரு சார்ஜரால், நல்ல யந்திரத்தைக் கெட்டதென்று எண்ணி நாமே ஒருமுறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.

இவ்வளவும் பார்த்து, ரசீதில் மாடலும் வரிசை எண்ணும் எழுதுவித்து, 2018-இல் வெளிவந்த மாடலாகிய டி480 ஒன்றை 19,000 ரூபாய்க்கு வாங்கினோம். 8 ஜி.பி. நினைவகம் ஒரே பட்டையாக இருந்தது. மற்றோர் இடம் காலி. இந்த மாடலில் பாட்டரி இரண்டு: ஒன்று உள்ளே, மற்றொன்று பின்னால். யந்திரத்தை அணைக்காமலேயே பின்னதைக் கழற்றி வேறொன்று மாட்டலாம். பிற்காலத்து மாடல்களில் இச்சௌகரியத்தை எடுத்துவிட்டார்கள். ஏன் என்பது நமக்கு விளங்கவில்லை.

இனி மேம்படுத்தும் விஷயம். உங்கள் பழைய யந்திரத்தில் சுழலும் வன்தட்டு இன்னும் இருக்குமானால், மற்ற யோசனைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதையே முதலில் மாற்றுங்கள். நிமிஷத்துக்கு 5,400 முறை, அதாவது வினாடிக்கு 90 முறை சுழலும் தட்டு அது. வேண்டிய செய்தி தலைக்கு நேரே வரும்வரை காத்திருந்து, தலையை இங்கும் அங்கும் நகர்த்திப் படிக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் பகுதியே இல்லை, எல்லாம் சில்லுகள். காலையில் யந்திரத்தை ஏற்றிவிட்டு டீ போடச் சென்ற காலம் போய், டம்ளரைக் கையில் எடுக்குமுன் அது தயாராகிவிடும். பழைய மாடல்களில் இரண்டரை அங்குலப் பெட்டி வடிவம். புதியவற்றில் சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 வடிவம். எம்.2-விலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு சாதிகள். தோற்றத்தில் ஒத்திருந்தாலும் ஒன்றன் இடத்தில் மற்றது வேலை செய்யாமற் போகலாம். கையேட்டைப் பார்த்த பிறகே கடைக்குச் செல்லுங்கள். கழற்றிய பழைய தட்டை எறிந்துவிட வேண்டாம். சில நூறு ரூபாய் உறையில் இட்டால் கல்யாணப் படங்களுக்குப் பிரதி வைத்துக்கொள்ள உதவும்.

நினைவகத்திலும் தலைமுறை உண்டு. டி.டி.ஆர்.3 மடிக்கணினிப் பட்டைக்கு 204 முனைகள், டி.டி.ஆர்.4-க்கு 260. வெட்டும் இடம் மாறியது. ஆகவே ஒன்றை மற்றதன் இடத்தில் திணிக்க முயன்றால் உடையும், சேராது. 8 ஜி.பி. பட்டைகள் இரண்டு இருந்தால் யந்திரம் இரு வழிகளிலும் ஒரே நேரத்தில் செய்தி கடத்தும். இரட்டைத் தண்டவாளம் போல.

ஆனால் இவ்விஷயத்தில் நாம் முன்பு பலருக்குச் சொன்ன யோசனையை இப்பொழுது மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. “குறைந்த நினைவகத்தோடு வாங்குங்கள், பிறகு மலிவாகச் சேர்த்துக்கொள்ளலாம்” என்பதே நம் பழைய பல்லவி. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்காக நினைவகச் சில்லுகளைப் பெருங் கம்பெனிகள் அள்ளிக்கொள்ள, உலகெங்கும் விலை ஏறிற்று. டிசம்பரில், ‘குரூஷியல்’ என்ற பெயரில் சில்லறை விற்பனை செய்துவந்த மைக்ரான் நிறுவனம் அவ்வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. ஜூலையில் நாம் கேட்ட விலைக்கு இரு மடங்குக்கு மேல் டிசம்பரில் அதே பட்டைக்குச் சொன்னார்கள். எங்கோ வெளிநாட்டில் கட்டும் கூடத்துக்கும் தாராவியில் இட்லி விற்பவர் மகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அந்த 8 ஜி.பி. பட்டைதான் சம்பந்தம். ஆதலின் இப்போது வாங்குவோர், ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாயினும் 16 ஜி.பி. உள்ளே இருப்பதையே கேட்டு வாங்குதல் நன்று.

எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட யந்திரம் வீட்டில் இருக்கிறதே, என் செய்வது என்போர் லினக்ஸை நாடலாம். நாம் இக்கட்டுரையை எழுதுவதே 2011-ஆம் ஆண்டின் திங்க்பேட் டி420 ஒன்றில், லினக்ஸ் மின்ட் என்னும் இலவச அமைப்பின் மேல். 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையை அதில் அமைத்துக்கொள்வது எளிது. கடிதம், கணக்கு, பாடம், படம் எதற்கும் குறையில்லை. ஆனால் கல்லூரி குறிப்பிட்ட ஒரு விண்டோஸ் மென்பொருளையே கேட்குமாயின் இது உதவாது. பிள்ளைகளைக் கேட்காமல் நாமாக ஏற்றிவிடக் கூடாது. வீட்டில் சண்டை வரும்; வந்திருக்கிறது.

நம் ஊர் மழைக்கும் சிறிது சொல்ல வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவரே வியர்க்கும் வீடுகள் நம்முடையவை. யந்திரத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரியில் வைத்தால் ஈரத்தையும் சேர்த்துச் சுற்றி வைத்ததாகும். நாளுக்கொரு மணியாவது ஓடவிட்டால் தன் சூட்டிலேயே அது உலரும். அண்ணாச்சி வீட்டில் மழைக்காலம் பன்னிரண்டு மாதமும் உண்டு; விடியற்காலை மூன்று மணிக்கே ஆவி எழும்பிவிடுகிறது. மடிக்கணினிக்குப் பரணுக்கு எதிர்ப்பக்கம், ஜன்னலோரம் ஒரு பலகை அடித்துக் கொடுத்தார். வீங்கிய பாட்டரியை மட்டும் குத்தவோ, 13-ஆம் காம்பவுண்டுக்குப் போகும் மூட்டையில் போடவோ வேண்டாம். பிளாஸ்டிக் குவியலுக்குள் அது நெருப்புத்தான். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய யந்திரங்களை முறையாக மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு உற்பத்தியாளர்களைச் சார்ந்தது, அவர்களிடமே சேர்ப்பிக்கலாம்.

2026 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணாச்சி சேர்த்து வைத்த பணத்தில் அந்த இரண்டாம் பட்டை ஒருவழியாக வாங்கப்பட்டது. பழையது ஒன்று, நியாயமான விலையில் கிடைத்தது. மாட்டிக் கொடுக்கப் போனோம். அண்ணாச்சியின் மகள் கையேட்டைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு, “நானே செய்கிறேன், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள் சித்தப்பா” என்றாள். உள்பாட்டரியின் ஓட்டத்தை பயாஸில் நிறுத்தினாள், பின்பாட்டரியைக் கழற்றினாள், அடிமூடியைத் திறந்தாள். விசிறியில் ஆறு மாதத் தூசி படிந்திருந்ததால் அதையும் எடுத்துத் துடைக்க வேண்டியதாயிற்று. உள்ளிருக்கும் சிறு திருகாணிகளை எங்கே வைப்பது என்று அவள் பார்த்தாள். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் எழுந்து சென்று, கழுவிக் கவிழ்த்திருந்த இட்லித் தட்டொன்றைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார். முதலில் கழற்றியது முதற்குழியில், அடுத்தது அடுத்த குழியில். மூடும்போது கடைசிக் குழியிலிருந்து தொடங்கினாள்.

எல்லாம் முடிந்து, திரையில் 16 ஜி.பி. என்று கண்டு தம்பிமார் கைதட்டினார்கள். அண்ணாச்சி மட்டும் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மூன்றாம் குழியில் ஓர் ஆணி இருந்தது. “இது யாருக்குத் தம்பி?” என்றார். மறுபடி திறந்தோம்.